கடலுக்கு எந்தக் கலர் கண்ணாடி

கண்ணு,

உன் கடிதம் கைக்கு வந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. கடைசியில் நீ கேட்டிருந்தது சின்னக் கேள்வி. கடலில் போட்டுக்கொள்ள எந்தக் கலர் கூலிங் கிளாஸ் வாங்கட்டுமுங்கப்பா, நீங்கதான் அதில் கெட்டிக்காரர் என்று எழுதியிருந்தாய். போனில் அரை நிமிடத்தில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எஸ்டிடி பூத்துக் கதவுக்கு வெளியே நாலு பேர் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், உள்ளே மீட்டர் ஓடும். நான் சொல்ல வேண்டியது அங்கே நின்று சொல்லக்கூடியதல்ல. அதனால் கண்ணாடிக்கடை பாயிடம் வந்து உட்கார்ந்திருக்கிறேன். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். என் பேச்சைக் கொஞ்சம் சீர்செய்து எழுதுவதாகச் சொன்னார். சீர்செய்யுங்கள், எதையும் விட்டுவிட மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், கடையில் ஆள் இல்லை. வெளியே ஆடிக் காற்று அடிக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக, நீ இருக்கிற கொச்சிப் பக்கத்திலிருந்துதான் அது வருகிறது. ஈரமாக இருக்கிறது. உன் கடலைத் தொட்டுவிட்டு வந்த காற்று என்று நினைத்துக்கொண்டு முகத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மழைக்காலத் தடை முடிந்து, ஆடிப்பெருக்குக்கு முன்னாடி படகு கடலில் இறங்கும்போது, ஊருக்குப் போகிற பழைய ஸ்ராங்குக்குப் பதிலாக நீதான் சக்கரம் பிடித்துப் படகை ஓட்டப்போகிறாய் என்று எழுதியிருந்தாய். நான் வீட்டுக்குப் போய் அதை ஒப்பித்ததும் உன் அம்மா, "என்ற பையன் கப்பலோட்டப் போறானாமா" என்று தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் நான் இப்போது கை வைக்கப்போகிறேன். படகு இறங்குவதற்குள் இது உன் கையில் கிடைத்தாக வேண்டும். முழுதும் வாசித்துவிட்டுக் கோபப்படு, நடுவில் மடித்துவைத்துவிடாதே.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். கறுப்பாக இருப்பதெல்லாம் நல்ல கண்ணாடி என்று எண்ணிவிடாதே. அந்தத் தப்பை நான் முன்னாலேயே செய்துவிட்டேன், நீயும் செய்ய வேண்டாம். உக்கடம் மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடுவதற்கென்று டவுன்ஹால் நடைபாதையில் ஒன்று வாங்கினேன். சோற்றுச்சட்டியின் அடிப்பாகம் மாதிரி கறுப்பு. போட்டுக்கொண்டால் ஊர் முழுக்க மழைக்கு மூட்டம் போட்ட மாதிரி ஆகிவிடும். வெயில் குறைந்ததே தவிர, தண்ணீர் மேல் கிடக்கிற பளபளப்பு அப்படியே கிடந்தது. கறுப்பாகப் பளபளத்தது, அவ்வளவுதான். நொய்யல் தடுப்பணையில் பொழுது சாய்ந்த பிறகும் அதைக் கழற்றாமல் நடந்து, பாசி பிடித்த கல்லைக் காய்ந்த கல் என்று மிதித்து, நெஞ்சு மட்டும் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டேன். நீ கரையில் தூண்டிலோடு அசையாமல் நின்று, "ஏனுங்கப்பா, மீனு கடிக்கலீன்னு நீங்களே உள்ள போய்க் கேக்கறீங்களா" என்றாய். கண்ணாடி ஆற்றோடு போயிற்று. போனது நல்லதுதான் என்று பிற்பாடு பாய் சொன்னார். வெறும் கறுப்புக் கண்ணாடி போட்டால், இருட்டிவிட்டது என்று நம்பிக் கண்மணி விரிந்துகொடுக்குமாம். வெயிலில் இருக்கிற கெடுதல் எல்லாம் அகலத் திறந்த கதவு வழியாக நேராக உள்ளே போகுமாம்.

நீ வாங்க வேண்டியது பளபளப்பை வெட்டுகிற கண்ணாடி. பாய் அதைப் போலரைஸ்டு என்பார். பார்ப்பதற்கு மற்றது மாதிரியேதான் இருக்கும். ஏமாற்றுகிறவன் எதன் மேல் வேண்டுமானாலும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவான். எனக்கு வாசிக்கத் தெரியாததால் அந்த ஸ்டிக்கர் என்னிடம் செல்லாது. பாய் எனக்குக் காட்டிக்கொடுத்த வழியை உனக்குச் சொல்கிறேன். முள் இல்லாமல் நம்பர் மட்டும் ஓடுகிற வாட்ச் இருக்கிறதே, கடைக்காரன் கையிலோ பக்கத்தில் நிற்கிறவன் கையிலோ கட்டாயம் ஒன்று இருக்கும். கண்ணாடியைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, அந்த வாட்சைப் பார்த்தபடி மெல்லத் திருப்பு. ஒரு இடத்துக்கு வந்ததும் நம்பரெல்லாம் அணைந்து வாட்சின் முகம் கறுத்துப்போகும். கறுத்தால் அசல். எவ்வளவு திருப்பினாலும் மணி தெரிந்துகொண்டே இருந்தால் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடு. இதே காரணத்தால், படகில் ஆழம் காட்டுகிற நம்பர் பெட்டி ஏதாவது இருந்தால் இந்தக் கண்ணாடியோடு பார்க்கும்போது தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்துக்கொள். பெட்டி கெட்டுப்போயிற்று என்று தட்டிக்கொண்டிருக்காதே.

அசலை முதன்முதலாகப் போட்டுக்கொண்டு பெரியகுளத்துக் கரையில் நின்ற காலையை இன்றைக்கும் என்னால் தொட்டுப்பார்க்க முடியும். குளம் முழுக்க வெள்ளைத் தகடு அடித்த மாதிரி வெயில் கிடந்தது. போட்டேன். யாரோ போர்வையை உருவியது போலத் தகடு போயிற்று. தண்ணீரும் போயிற்று. குளம் இருந்த இடத்தில் ஒரு பச்சை வெளி இருந்தது; அதில் ஜிலேபி மீன்கள் எதன் மேலும் நிற்காமல் நின்றுகொண்டிருந்தன. அடியில் செடிகள் யாரோ மெதுவாக மூச்சுவிடுவது போல அசைந்தன. முழங்கை நீளத்தில் ஒரு கெண்டை சோம்பல் முறிப்பது போல வளைந்து திரும்பியது. அதன் நிழல் கீழே சேற்றில் தனியாக நடந்துபோயிற்று. அத்தனை வருஷம் தூண்டில் போட்டும் மீனுக்கு நிழல் உண்டு என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். தலையைச் சாய்த்தால் தகடு திரும்பி வந்தது, நிமிர்த்தினால் போயிற்று. புழு மாட்ட மறந்து, குளத்தை மூடியும் திறந்தும் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் போன ஒருவர் நின்று, "ஏனுங்க பெரியவரே, கழுத்துச் சுளுக்கிக்கிச்சுங்களா" என்று கேட்டுவிட்டுப் போனார். உச்சிப்பொழுதில் சூரியன் நேர் மேலே வந்ததும் வித்தை குறைந்துபோயிற்று. காலையிலும் சாயங்காலத்திலும் சாய்ந்து விழுகிற வெயிலில்தான் அது நன்றாக வேலை செய்யும், கவனித்துப்பார்.

இனிக் கலர். நம் குளத்துக்கும் ஆற்றுக்கும் காப்பித்தண்ணிக் கலர்தான். இங்கே தண்ணீர் ஆழமில்லாதது, பச்சையாகக் கலங்கியது. காப்பிக் கலர் போட்டால் சேறு வேறு, மீன் வேறு என்று பிரிந்து தெரியும். விடியற்காலைக்கும் மேகம் மூடிய நாளுக்கும் வெளிறின மஞ்சள். ஒரு மார்கழியில் அமராவதி அணைக்கு மஞ்சளைப் போட்டுக்கொண்டு போனேன். பனிக்குள் யாரோ பெரிய அகல் ஒன்றை ஏற்றி வைத்த மாதிரி இருந்தது. மலை எது தண்ணீர் எது என்று தெரியாமல், பரிசல்காரர்கள் வெளிச்சத்துக்குள்ளேயே துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி, அதற்கு மேல் அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கடலுக்குச் சாம்பல். ஆழத் தண்ணீர், வெட்டவெளி, மறைப்பில்லாத வெயில். சாம்பல் எந்தக் கலரையும் கூட்டாது, குறைக்காது; வெயிலை மட்டும் இறக்கிக்கொடுக்கும். பக்கத்து வெளிச்சம் உள்ளே வராமல் காது வரை வளைந்த சட்டமாகப் பார்த்து வாங்கு. கழுத்தில் கயிறு கட்டிக்கொள். உப்பு பட்டால் லுங்கி நுனியில் துடைக்காமல் நல்ல தண்ணீரில் அலசு. உப்புப் பொடி கீறிவிடும். பொழுது இறங்கியதும் கழற்றிவிடு. கலர்க் கண்ணாடி வழியாக விளக்கைப் பார்க்கவே கூடாது, விளக்கின் கலரை அது மாற்றிக் காட்டும்.

விளக்கு என்று சொல்லிவிட்டேன். இதற்குப் பயந்துதான் இவ்வளவு நேரம் குளத்தைச் சுற்றி வந்தேன்.

உன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டியது பாய்தான். நடுவில் நீ ஒன்று எழுதியிருந்தாய். இருட்டில் எதிரே வருகிற படகின் சிவப்பு விளக்கு தெரிந்தால் அதன் இடது பக்கம் நமக்குத் தெரிகிறது என்று அர்த்தம், பச்சை தெரிந்தால் வலது பக்கம்; அதை வைத்துத்தான் நாம் ஒதுங்க வேண்டும், ஸ்ராங்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தார், கற்றுக்கொண்டேன் என்று. அந்த இடத்தில் பாய் வாசிப்பதை நிறுத்திவிட்டார். தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். இத்தனை பேருக்குத் துணி கொடுத்துத் துடைக்கச் சொல்கிறவர், சட்டையில் துடைத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணா, இதை இனி நாம வெச்சுக்கிட்டு இருக்கக் கூடாதுங்க" என்றார்.

"பையன்தான் கத்துக்கிட்டேன்னு எழுதியிருக்கறானுங்களே பாய்."

"கத்துக்கிட்டது சரிங்க. பாக்கறதுக்கு என்ன பண்ணுவான்?"

கண்ணு, உன் கண்ணில் சிவப்பும் பச்சையும் பிரிவதில்லை. எங்களுக்கு இரண்டாகத் தெரிகிறவை உனக்கு ஒன்றுபோலவே தெரிகின்றன. இது நோய் இல்லை, பிறப்பிலேயே கண் அப்படி அமைவது என்கிறார் பாய். எனக்கு இது நாலு வருஷமாகத் தெரியும். உனக்குச் சொல்லவில்லை.

நீ கொச்சிக்குப் போவதற்கு முந்தின தை மாதம், உனக்குத் தூண்டிலுக்கு ஒரு கண்ணாடி வாங்கலாம் என்று இந்தக் கடைக்கு வந்தோமே, நினைவிருக்கிறதா? பாய் காப்பி, பச்சை, சாம்பல், மஞ்சள் என்று நாலு கண்ணாடியைத் துணி விரித்து வைத்தார். "தம்பி, அந்தப் பச்சையை அப்பாவுக்குக் குடுங்க" என்றார். நீ காப்பிக் கலரை எடுத்து நீட்டினாய். "அது காப்பிங்க தம்பி" என்றார். நீ சட்டென்று அதை வைத்துவிட்டு, கண்ணாடிகளைப் பார்க்காமல் பாயின் கண் எங்கே போகிறது என்று பார்த்தாய். அதை நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்தார். கொஞ்ச நேரம் கழித்து விளையாட்டுப் போல, வரிசையை மாற்றி வைத்து, இப்போது காப்பியைக் கொடுங்கள் என்றார். நீ பச்சையைக் கொடுத்தாய். "வெளிச்சம் பத்தலீங்க பாய், மொதல்ல கடைக்கு ஒரு நல்ல ட்யூப் லைட்டு மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்க எழுந்து போனாய். நான் சிரித்தேன். பாய் சிரிக்கவில்லை.

நீ அந்தப் பக்கம் போனதும் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள், கேழ்வரகைக் கொட்டின மாதிரி. புள்ளிகளுக்கு நடுவே ஒரு நம்பர். எழுத்துத் தெரியாவிட்டாலும் மார்க்கெட்டில் இருந்தவனுக்கு நம்பர் தெரியும். எட்டு என்று சொன்னேன். "தம்பிக்கு இது தெரியாதுன்னு நெனைக்கறனுங்க. வந்ததும் காட்டிப் பாத்துரட்டுங்களா? அஞ்சு நிமிசம்" என்றார்.

"வேண்டாமுங்க பாய். வெள்ளிக்கெழமை அந்தியூர்ல இருந்து பொண்ணு ஊட்டுக்காரங்க வாராங்க. இப்பப் போய்க் கண்ணுல கோளாறுன்னா ஊரெல்லாம் பரவிப்போயிருமுங்க."

"கோளாறுன்னு எதுக்குங்க சொல்றீங்க? ஆயிரம் பேத்துக்கு இருக்குது. அம்மா வழியில வாரது. தம்பிக்குத் தெரிஞ்சிருக்கறது நல்லதுங்கண்ணா."

அந்தப் புத்தகத்தை என் கையாலேயே மூடி, இழுப்பறைக்குள் தள்ளினேன். நீ வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னங்கப்பா, புத்தகமெல்லாம் பாக்கறீங்க" என்றாய். "சும்மா, கண்ணாடிப் படம்" என்று சொன்னேன். பெண் வீட்டார் வந்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், போனார்கள், பதிலே வரவில்லை. ஆகையால் அதைச் சாக்காகச் சொல்லவும் எனக்கு வழியில்லை. அதற்கப்புறமாவது சொல்லியிருக்கலாம். சொல்லாததற்குக் காரணம் பெண் வீட்டார் இல்லை, திருப்பூர். பாய் "தம்பிக்கு இது தெரியாது" என்று சொன்ன அந்த நொடியில் எனக்குத் திருப்பூர்தான் ஞாபகம் வந்தது. அந்தப் புத்தகத்தைத் திறந்தால் அதுவும் கூடவே திறந்துகொள்ளும் என்று பயந்தேன்.

அதற்கெல்லாம் முன்னால் திருப்பூர்ச் சாயப்பட்டறையில் உன்னைச் சேர்த்துவிட்டது நான். அங்கே பாசிப்பச்சைத் துணியை மூட்டை கட்டி அனுப்பச் சொன்னால், பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த செங்காவித் துணியைக் கட்டி லாரி ஏற்றிவிட்டாய். பட்டறைக்காரர் ஆள் அனுப்பி என்னை வரவழைத்தார். கொடிகளில் துணி தொங்கிக்கொண்டிருந்தது, வேலைக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். ஒருத்தன் செங்காவித் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "தம்பி, நான் பச்சைக்கிளி மாதிரி இருக்கறனா பாத்துச் சொல்லு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் உன்னிடம், இது இரண்டும் ஒன்றா என்று கேட்டேன். நீ என் முகத்தை நேராகப் பார்த்து, "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தானுங்கப்பா தெரிஞ்சுது" என்றாய். செய்த தப்புக்கு மேல் பொய் வேறு சொல்கிறாய் என்று அத்தனை பேர் முன்னால் உன்னை அறைந்துபோட்டேன். கண் இருந்தும் குருட்டுப் பயல் என்று சொன்னேன். அவிநாசி வழியாக பஸ்ஸில் வரும்போது நீ ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, சாயம் ஏறின உன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாய். நான் எதுவும் கேட்கவில்லை.

அன்றைக்கு நீ சொன்னது உண்மை. அந்த உண்மைக்கு என்ன கிடைக்கும் என்று உனக்குக் காட்டியவன் நான். அதற்குப் பிறகு ஒரு முறை கூட நீ தெரியவில்லை என்று சொன்னதில்லை. எதிராளியின் கண்ணைப் பார்த்து ஊகிக்கக் கற்றுக்கொண்டாய், ட்யூப் லைட்டைக் குறை சொல்லக் கற்றுக்கொண்டாய். இப்போது உனக்கே இது தெரிந்திருக்கலாம் என்றும் எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் நாலு வருஷமாக நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் ஒரே விஷயத்தை மறைத்துக்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது எனக்குப் பிடித்தது. உனக்குப் பத்து வயதிருக்கும்போது பெரியகுளத்தில் விரால் குஞ்சு பொரித்திருந்தது. தண்ணீர் மேல் குங்குமம் கொட்டின மாதிரி குஞ்சுகள் கூட்டமாகத் திரியும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தச் சிவப்பு தெரிகிறதா என்று கேட்டேன். "எங்கீங்கப்பா, எங்கீங்கப்பா" என்று எட்டி எட்டிப் பார்த்தாய். கண் பொடனியிலா இருக்கிறது என்று ஏசினேன். ஆனால் அதே சாயங்காலம் நீ கோரைப்புல்லைக் காட்டி, "அங்க ஒரு விரால் படுத்திருக்குதுங்க, வாயைத் தொறந்து மூடுது" என்றாய். எனக்குக் கோரை மட்டும்தான் தெரிந்தது. உன் மன நிம்மதிக்காகத் தூண்டிலை அங்கே போட்டேன். தூண்டில் வளைந்தது. அது குருட்டு அதிர்ஷ்டம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். உன் மாதிரிக் கண் உள்ளவர்களை இலையும் பாசியும் அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது என்று பாய் சொன்னார். எங்கள் கண் கலரில் மயங்கி விட்டுவிடுகிற மீனை உன் கண் உருவத்தைக் கொண்டு பிடித்துவிடுமாம். நான் இத்தனை கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டுத் தேடினதை நீ வெறும் கண்ணால் பார்த்திருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு குளத்துக்குப் போனேன். தூண்டில் கொண்டுபோகவில்லை. விரால் குஞ்சுகள் திரிந்தன, நல்ல சிவப்பு. பச்சைக் கண்ணாடியின் மேல் காப்பிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். சிவப்பு மங்கி, மண்ணாகி, குளத்தோடு கலந்துபோயிற்று. கூட்டம் அங்கேயேதான் இருந்தது. தண்ணீர் மெல்லக் கொதிக்கிற மாதிரி ஒரு அசைவு மட்டும் தெரிந்தது. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் ஒன்று குளத்துக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் அந்த அசைவுக்குக் கீழே இரண்டு நீளமான இருட்டுகள், குஞ்சுகள் போகிற பக்கமெல்லாம் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. நீ பார்க்கிற உலகம் இதுதானா என்று பாயிடம் கேட்டேன். இல்லை, அது எப்படி இருக்கும் என்று நம்மால் போட்டுப் பார்க்க முடியாது, தம்பிதான் சொல்ல வேண்டும் என்றார்.

நேற்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். அவள் வழியில் வருவது என்று சொல்வதற்கு எனக்கு நாக்கு எழவில்லை, அவளே கண்டுகொண்டாள். "ஏனுங்க, அப்படீன்னா தாராபுரத்துல என்ற அண்ணனுக்கும் இதுதானுங்களா? தக்காளிக் காட்டுல காயும் பழமும் தெரியாம பறிக்கறான்னு கலியாண ஊட்டுல எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சீங்களே" என்றாள். "மொதல்ல பையனுக்கு எழுதுங்க. அப்பறமா என்ற அண்ணங்கிட்டப் போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டாள்.

இப்போது நீ செய்ய வேண்டியது. பகலில் உன்னைப்போல் தண்ணீரைப் படிக்கிறவன் அந்தப் படகில் வேறு யாரும் இருக்க முடியாது என்று நான் நம்புகிறேன். பகல் சக்கரம் உன்னுடையதாக இருக்கட்டும். ஆனால் இருட்டில் நீ சக்கரம் பிடித்தால், கீழே படுத்துத் தூங்குகிற ஏழெட்டுப் பேர் உன் ஊகத்தின் மேல் படுத்திருப்பார்கள். எதிரே வருகிற விளக்குக்குக் கண் கிடையாது. அதன் முகத்தைப் பார்த்து நீ எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால் படகு இறங்குவதற்கு முன்னால் முதலாளியிடம் தனியாகப் போய்ச் சொல்லிவிடு. ராத்திரிக்கு விளக்குப் பார்க்க உன் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தச் சொல், அல்லது ராத்திரிச் சக்கரத்தை வேறு ஆளுக்குக் கொடுக்கச் சொல். அதற்குச் சம்மதிக்காமல் வேலையே இல்லை என்றாலும் சொல். வேலை போனால் வீட்டுக்கு வா, உன்னை ஏன் என்று நான் கேட்கமாட்டேன். முதலாளிக்கும் பாயை வைத்து ஒரு கடிதம் எழுதிப்போடலாமா என்று ஒரு ராத்திரி முழுக்க யோசித்தேன். எழுதவில்லை. உன் கண்ணைப் பற்றி நான் ஒரு முறை பல பேர் முன்னால் பேசினது போதும்.

படகு இறங்குவதற்கு முன்னால், வருகிற வெள்ளிக்கிழமை காலை ரயிலில் நான் கொச்சிக்கு வருகிறேன். ஆயுசு முழுக்கக் கடல் மீனைப் பெட்டி பெட்டியாகத் தூக்கியிருக்கிறேன், கடலைப் பார்த்ததில்லை. நீ முதலாளியிடம் சொல்லிவிட்டிருந்தால், இரண்டு பேரும் கரையில் உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டு நான் அடுத்த வண்டிக்குத் திரும்பிவிடுகிறேன். சொல்லாமல் இருந்தால், நான் யாரிடமும் வாயைத் திறக்கமாட்டேன். மாற்றுத் துணி இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். உன்னோடு படகில் ஏறி, சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன். ராத்திரி முழுக்கக் கண் விழித்து, சிவப்பு வந்தால் சிவப்பு என்பேன், பச்சை வந்தால் பச்சை என்பேன். எனக்கு நீச்சல் மறந்துபோயிற்று, வாந்தி வரும் என்று பாய் வேறு பயமுறுத்துகிறார். வரட்டும். ஒரு கிழவனுக்குப் படகில் என்ன வேலை என்று உன் முதலாளி கேட்பார். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டியிருக்கும்.

உன் அப்பன்